உருண்டையா, நீள்வட்டமா, மைக்ரோலைனா: கொழும்பில் ரெக்கோட் கேட்பவர்களுக்கு எந்த ஊசி?

எந்தக் காட்ரிஜ், அதாவது ரெக்கோட் பிளேயர் கையின் நுனியில் ஊசியைத் தாங்கும் பாகம், வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அதன் ஊசி தேய்ந்துபோனால் அடுத்த ஊசி கொழும்புக்கு எப்படி வந்து சேரும்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தெரிவு அங்கேயே முடிந்துவிடும். ஏனென்றால் காட்ரிஜின் உடல், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு பின்களும், கவனமாக வைத்திருந்தால் கனகாலம் கிடக்கும். தேய்வது ஊசி. வைரம்தான், ஆனாலும் தேயும். 12 அங்குல எல்.பி.யின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் ஊசி கிட்டத்தட்ட 430 மீற்றர் நீளத் தடத்தை உரசிக்கொண்டு போகிறது. 500 மணித்தியாலம் கேட்டால் 640 கிலோமீற்றருக்கு மேல். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய், திரும்பி வரும்போது வவுனியாவையும் தாண்டிவிட்ட தூரம் அது. அவ்வளவையும் கண்ணுக்கே தெரியாத ஒரு நுனி, பி.வி.சி.யிலும் தூசியிலும் தேய்ந்துகொண்டே கடக்கிறது.

ஒப்பிடுவதற்கு ஓடியோ டெக்னிக்காவின் வி.எம்.95 வரிசையை எடுக்கிறேன். அது ஒன்றுதான் சிறந்தது என்பதற்காக இல்லை. ஒரே உடலில் ஆறு விதமான ஊசிகளைக் கழற்றி மாட்டலாம் என்பதால் விலையில் வரும் வித்தியாசம் முழுக்க ஊசியின் வித்தியாசம்தான், ஒப்பீடு நேர்மையாக இருக்கும். அந்த நிறுவனமே சொல்லும் ஆயுள் இது: கூம்பு முனை 500 மணித்தியாலம், நீள்வட்டம் 300, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1000.

கூம்பை விட நீள்வட்டம் விலை கூட, ஆனால் ஆயுள் குறைவு. முதலில் பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. கூம்பு முனை கீழே உருண்டையாக இருப்பதால் தடத்தின் இரண்டு சுவர்களிலும் ஓரளவு அகலமாகச் சாய்ந்து உட்காரும். நீள்வட்ட முனையின் பக்கங்கள் ஒடுக்கமானவை, அதனால்தான் தடத்தின் நுணுக்கமான நெளிவுகளுக்குள் அது போகிறது, ஆனால் ஊசி தடத்தை அழுத்தும் அதே 2 கிராம் பாரம் கூம்பை விடச் சிறிய இடத்தில் விழுவதால் தேய்வும் வேகம். மைக்ரோலைனும் ஷிபாட்டாவும் இதை வேறு விதமாகத் தீர்க்கின்றன. தடம் ஓடும் திசையில் மிக ஒடுக்கம், மேலிருந்து கீழாகச் சுவரோடு ஒட்டும் உயரம் அதிகம். அதனால் நுணுக்கமும் கிடைக்கிறது, பாரமும் பரவுகிறது. மைக்ரோலைனில் இன்னொரு நன்மை, விளிம்பு தேய்ந்துகொண்டு போகும்போதும் அதன் அகலம் அதிகம் மாறாத மாதிரி செதுக்கியிருக்கிறார்கள்.

ஷிபாட்டா பிறந்த கதையையும் சொல்லவேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஜே.வி.சி. நிறுவனம் நான்கு ஒலிவழி சி.டி.4 ரெக்கோட்டுகளைக் கொண்டு வந்தபோது அவற்றில் 30 கிலோஹேர்ட்ஸ் அலையொன்றையும் சேர்த்து வெட்டினார்கள். சாதாரண ஊசியால் அதை வாசிக்கவும் முடியாது, சில தடவை ஓட்டினால் அதை அழித்தும் விடும். அதற்காக ஷிபாட்டா என்ற பொறியியலாளர் வடிவமைத்த முனைதான் இது. அந்த ரெக்கோட்டுகள் போய்விட்டன, முனை நிலைத்துவிட்டது.

இனிக் காசு. வி.எம்.95 வெளிவந்தபோது மைக்ரோலைனின் விலை நீள்வட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆயுளும் 300க்கு 1000, அதுவும் மூன்று மடங்குக்கு மேல். ஆக ஒரு மணித்தியாலத்துக்கு ஊசிச் செலவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நல்லதைக் கேட்பதற்குத் தனியாகக் காசு போகவில்லை. இது லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவருக்கான கணக்கு. எங்களுக்கு இன்னும் சாதகம், ஏனென்றால் ஒவ்வொரு தடவை ஊசி எடுப்பிக்கும்போதும் தபால் செலவு, வரி, காத்திருப்பு எல்லாம் சேர்கிறது, அல்லது சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் சொந்தக்காரர் ஒருவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இதை ஒரு தடவை செய்வதற்கும் மூன்று தடவை செய்வதற்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை. ஸ்ரீரியோ எல்.பி. கேட்பவர்களுக்கு என் தெரிவு மைக்ரோலைன்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வித்தியாசம் எங்கே கேட்கும் என்றால், பக்கத்தின் கடைசிப் பாட்டில். எல்.பி.யின் வெளி விளிம்பில் தடம் ஒரு செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் ஓடுகிறது, உள்ளே லேபலுக்குப் பக்கத்தில் 21 மட்டும். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி வெட்டியிருப்பதால் கூம்பு முனை அந்த நெளிவுகளைத் தாண்டித் தாண்டிப் போகும். பாடகியின் 'ச', 'ஸ' எல்லாம் துப்புவது மாதிரிக் கேட்கும். மைக்ரோலைனில் அந்தச் சொற்கள் சுத்தமாக வந்து விழும். ஒரு நிபந்தனை இருக்கிறது: காட்ரிஜை வடிவாகக் கோணம் பார்த்துப் பூட்டவேண்டும். தாளில் அச்சடித்த அளவுகோல் போதும், ஆனால் பொறுமை வேண்டும். கொஞ்சம் சரிந்திருந்தால் கூம்பு பொறுத்துக்கொள்ளும், மைக்ரோலைன் பொறுக்காது.

ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அருமையான காட்ரிஜ், கொஞ்சம் உரத்த, துள்ளலான ஒலி. ரெட்டில் உலோகத் தண்டின் நுனியில் ஒட்டிய சிறு வைரத் துண்டு, அதே 2எம் வரிசையின் புளூவில் முழு வைரமே ஊசி. நுனியின் எடை குறைவதால் புளூ தெளிவாக வாசிக்கும், அதன் ஊசி ரெட்டின் உடலிலேயே ஏறும் என்பதால் பிறகு மாறுவது சுலபம். ஆனால் புளூவும் நீள்வட்டம்தான். ஓர்ட்டோஃபோன் தன் ஊசிகளுக்கு நன்றாகப் பராமரித்தால் 1000 மணித்தியாலம் வரை என்கிறது. ஊசி தேய்ந்துவிட்டது என்று இரண்டு நிறுவனங்களும் எந்த இடத்தில் கோடு போடுகின்றன என்பது வேறு வேறாக இருக்கலாம். ரெக்கோட்டைக் காப்பாற்ற நினைப்பவர் குறைந்த எண்ணையே நம்பட்டும்.

சரி, கூம்பு முனைக்கு இடமே இல்லையா? இருக்கிறது, அதுவும் எங்கள் வீடுகளில். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அலுமாரிகளின் அடியில் கிடப்பவை 1960களின் தமிழ்ப் படப் பாட்டு ஈ.பி.கள், 45 வேகம், மோனோ. பாரமான பழைய ஊசிகளில் திரும்பத் திரும்ப ஓடியவை, கடற்காற்றும் ஈரமும் பட்டுப் பூஞ்சை பிடித்தவை. இவற்றுக்கு நான் மைக்ரோலைனைப் பழுதாக்கமாட்டேன். வி.எம்.95இன் கூம்பு ஊசியைத் தனியாக வாங்கி வைத்து, அம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். மேலும் கீழுமாக அசைவதால் வரும் சத்தம் இரண்டு ஒலிவழிகளிலும் எதிரெதிராக இருப்பதால், சேர்க்கும்போது பெரும்பகுதி அடிபட்டுப் போகும். பாட்டு மட்டும் முன்னுக்கு வரும். புதிய மலிவு டேர்ன்டேபிள்கள் பலவற்றில் வரும் ஏ.டி.3600எல்-உம் கூம்புதான், ஆனால் 3 கிராமுக்கு மேல் பாரம் கேட்கும். ஆரம்பத்துக்குக் கெட்டதில்லை.

சூட்கேஸ் பிளேயர்களின் செரமிக் காட்ரிஜைப் பற்றி எனக்குச் சொல்ல நல்லது எதுவும் இல்லை. 5, 6 கிராம் பாரம், நுனியில் பெரும்பாலும் நீலக்கல். நீலக்கல் என்றதும் எங்களுக்கு இரத்தினபுரி நினைவு வரும், இது செயற்கையாக வளர்த்த கல், வைரத்தோடு ஒப்பிட்டால் மிக வேகமாகத் தேயும். வீட்டில் தாத்தா காலத்து ரேடியோகிராம் இருந்தால் இன்னும் கவனம். அவற்றில் பல கிறிஸ்டல் காட்ரிஜ்கள் ரோஷெல் உப்பால் செய்தவை. ஈரத்தை உறிஞ்சும் உப்பு அது, கொழும்பு வெக்கையில் இத்தனை வருடம் கழித்து உயிரோடிருப்பது அபூர்வம். சத்தம் வரவில்லை என்றால் மெசினைக் குறை சொல்லாமல் காட்ரிஜைப் பாருங்கள்.

மூவிங் கொயிலை, அதாவது ஊசியோடு கம்பிச் சுருளே அசையும் காட்ரிஜ் வகையை, இங்கே நான் சிபாரிசு செய்யமாட்டேன். டெனோன் டி.எல்.103ஐ எடுங்கள். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.க்காக 1960களில் உருவாக்கியது, இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது, குரல்களை அது சொல்லும் விதம் தனி. ஆனால் அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட், 2எம் ரெட்டினது 5.5. தனி ஃபோனோ அம்ப்ளிஃபயரோ ட்ரான்ஸ்ஃபோமரோ வேண்டும், பாரமான டோன்ஆர்ம், அதாவது காட்ரிஜைத் தாங்கும் கை, வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் முனை கூம்புதான். தேய்ந்தால் நீங்களே ஊசியை இழுத்து மாற்ற முடியாது, முழுக் காட்ரிஜையும் மாற்றவேண்டும், அல்லது கடல் கடந்து அனுப்பிப் புது முனை போட்டு எடுப்பிக்கவேண்டும். அந்த நாட்களில் என்னத்தைக் கேட்பது?

ஊசி தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இன்னும் முக்கியம். செட்டியார் தெரு நகைக்கடைகளில் வைத்திருக்கும் 10 மடங்குக் கண்ணாடி போதாது, அதில் தூசியும் வளைவும்தான் தெரியும். கணினியில் பூட்டும் 200 மடங்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விட்டால், தேய்ந்த முனையின் இரண்டு பக்கமும் தட்டையாகப் பளபளக்கும். அந்தத் தட்டையின் விளிம்பு உளி போலத் தடத்தைச் சீவும். காது கண்டுபிடிக்கும் நேரத்தில் பல ரெக்கோட்டுகள் காயப்பட்டிருக்கும், அந்தக் காயம் ஆறாது. அதனால் கேட்ட மணித்தியாலங்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பாரத்தைக் குறைத்தால் ஊசி பிழைக்கும் என்று 1 கிராமுக்கு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஊசி தடத்தை விட்டு எகிறி எகிறி விழுவது சரியான பாரத்தைவிட மோசம். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, நிறுவனம் சொன்ன அளவிலேயே வையுங்கள்.

பழைய ஷுவர் காட்ரிஜ் கிடைத்தால் ஆசைப்படுவது இயல்பு. ஷுவர் 2018இல் காட்ரிஜ் செய்வதையே நிறுத்திவிட்டது, அதன் பெயரில் இணையத்தில் விற்கும் மலிவு ஊசிகளை நம்பாதீர்கள். பெட்டி பிரிக்காத பழைய சரக்கிலும் ஊசித் தண்டைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கலாம். ஜப்பானின் ஜிக்கோ செய்யும் மாற்று ஊசி கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

அப்புறம் 78 வேக அரக்குத் தட்டுகள். இவற்றில் எல்.பி. ஊசியை வைக்கவே கூடாது. 78இன் தடத்துக்கு 3 மில், அதாவது 76 மைக்ரோன் முனை வேண்டும். எல்.பி.யின் கூம்பு முனை 15இலிருந்து 18 மைக்ரோன்தான், அது தடத்தின் அடியில் கிடந்து அழுக்கை மட்டும் வாசிக்கும். வி.எம்.95 உடல் வைத்திருப்பவர்களுக்கு அதே வரிசையின் எஸ்.பி. ஊசி போதும், பாரத்தை மட்டும் 5 கிராம் அளவுக்கு ஏற்றுங்கள், எல்.பி.க்குத் திரும்பும்போது மறக்காமல் 2க்கு இறக்குங்கள். கழுவுவதென்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டும். எல்.பி.க்குப் போடும் அல்ககோல் கலவை பட்டால் அரக்கு கரைந்துவிடும்.