இட ஒதுக்கீடு: சாதியை வைத்தா, வருமானத்தை வைத்தா?

“வசதியான வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு ஒதுக்கீடு?” என்பார் ஒருவர். “பணம் வந்தால் சாதி போய்விடுமா?” என்பார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள்தான்.

எதைச் சரிசெய்கிறது?
சாதி: படிப்பிலும் பதவியிலும் தலைமுறைகளாக ஒதுக்கி வைத்ததை.
வருமானம்: இன்றைய பணக்கஷ்டத்தை. அதற்கு உதவித்தொகை போதாதா?

சான்றிதழ்?
சாதி: பெரும்பாலும் ஒருமுறை வாங்கினால் போதும்.
வருமானம்: ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் மறைக்க முடியாது. வியாபாரி கணக்கைக் குறைத்துக் காட்டலாம்.

யார் விடுபடுகிறார்கள்?
சாதி: பிரிவுக்குள்ளேயே முன்னேறியவர்கள் முந்திக்கொள்வார்கள். மத்திய அரசின் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டில் இதற்காகவே, வசதியானவர்களை விலக்கும் ‘கிரீமி லேயர்’ விதி வந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1992 இந்திரா சஹானி தீர்ப்பின் விளைவு அது.
வருமானம்: பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென 2019இல் வந்த 10 சதவீத ஒதுக்கீட்டில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஏழைகளுக்கு இடமே இல்லை. வரம்போ ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இதை ஏழ்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உச்ச நீதிமன்றம் 2022இல் 3-2 என்ற கணக்கில் இந்த ஒதுக்கீட்டை ஏற்றது.

அரசியலில் நிற்குமா?
தமிழ்நாட்டில் 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்தது. 1980 மக்களவைத் தேர்தலில் அடி விழுந்ததும் வரம்பு போனது. ஒதுக்கீடு 31இலிருந்து 50 சதவீதமாக ஏறியது.

சரி, எது எதற்கு? அதிகாரத்தில் எல்லாத் தரப்பும் உட்கார வேண்டுமென்றால் சாதி அளவுகோல். கட்டணம் கட்ட முடியாதவருக்கு வருமான அளவுகோலில் உதவித்தொகை. இரண்டையும் சேர்க்கவும் வழியுண்டு: 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தந்த 7.5 சதவீதம், தமிழ்நாட்டின் மொத்த சாதி ஒதுக்கீடான 69 சதவீதத்தைத் தொடாமலே ஏழை வீடுகளை எட்டியது.