குரூப் அளக்க மிட்டுடோயோ 500-196-30 காலிப்பர்: கருவி சரி, துளையை எப்படி அளப்பது?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டைகளில் குரூப், அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதை அளக்க இந்த 150 மிமீ டிஜிட்டல் காலிப்பர் தாராளமாகப் போதும். திரையில் 0.01 மிமீ வரை காட்டும், பிழை ±0.02 மிமீக்குள். ஆனால் அட்டையில் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு ஈயக் குண்டு) போடும் துளை அவ்வளவு துல்லியமாக இருக்காது. கருவிக்குக் காசு கொடுத்த கையோடு அளக்கும் முறையையும் கற்றுக்கொண்டால்தான் பலன்.

மில்லிமீட்டர் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் மகளிர் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோவும் இந்தியாவின் மெஹுலி கோஷும் 247.2 புள்ளிகளில் சமமாக நின்றார்கள். சமநிலையை முறிக்கச் சுட்ட ஷூட் ஆஃபில் வெலோசோ 10.3, கோஷ் 9.9. இந்த விளையாட்டில் 0.1 புள்ளி என்பது மையத்திலிருந்து 0.25 மிமீ. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது சுமார் 1 மிமீ. ஒரு குழல் 4.49 மிமீ தலை அளவுள்ள பெல்லட்டை விரும்புகிறதா, 4.51ஐ விரும்புகிறதா என்று சோதிப்பது இதற்காகத்தான்.

குரூப் அளவு என்பது ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம். துளைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஓட்டையாகிவிட்டால் மையம் தெரியாது. அப்போது வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து ஒரு துளையின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். பலரும் கண்ணை மூடிக்கொண்டு பெல்லட்டின் விட்டமான 4.50ஐக் கழிக்கிறார்கள், தவறு அங்கேதான் நுழைகிறது. காகிதம் பின்வாங்கிச் சுருங்குவதால் துளை பெல்லட்டைவிடச் சிறியதாக இருக்கலாம். வெளி அளவு 7.30 என்று வைத்துக்கொள்வோம். 4.50 கழித்தால் 2.80, உண்மைத் துளை 4.35 என்றால் 2.95. காலிப்பரின் பிழையைவிட இது ஏழு மடங்குக்கும் மேல். 5.56 மிமீ ரைஃபிளிலும் இதே கதைதான்: தோட்டாவின் உண்மை விட்டம் சுமார் 5.69 மிமீ, காகிதத் துளை வேறு.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது ZERO/ABS பொத்தான்தான். அதே அட்டையின் ஓரத்தில் தனியாக ஒரு குண்டு சுடுங்கள். அந்தத் துளையின் குறுக்கே தாடைகளை வைத்து, அந்த நிலையிலேயே பொத்தானை அழுத்துங்கள். பிறகு குரூப்பின் வெளி விளிம்புகளை அளந்தால், திரையில் வருவதே மையத்துக்கு மையம் தூரம், கழித்தல் வேலை இல்லை. முடிந்ததும் அதே பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ORIGIN பொத்தானைத் தொடாதீர்கள். பேட்டரி மாற்றிய பிறகு, தாடைகளை முழுக்க மூடி வைத்து அழுத்த வேண்டியது அது.

தாடையைத் துளைக்குள் நுழைக்கவும் கூடாது, காகிதம் கிழியும். அட்டையைச் சமதளத்தில் வைத்து, துளையைச் சுற்றியுள்ள சாம்பல்நிற ஈயக் கறையின் வெளி ஓரத்தோடு தாடை முனைகளைப் பொருத்துங்கள். சுடும்போது அட்டைக்குப் பின்னால் இன்னொரு தடித்த அட்டை இருந்தால் விளிம்பு சுத்தமாக வெட்டுப்படும். நம் ஊர் ஈரப்பதத்தில் அட்டையைத் திறந்து போட்டால் நார் நாராகப் பிய்யும். ஜிப் பையில் வைத்திருங்கள்.

குரூப்பை எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) கணக்கிலும் சொல்வார்கள்; 10 மீட்டரில் 1 எம்ஓஏ 2.91 மிமீ. எனவே ஒரு குரூப் 2.80 மிமீ என்றால் அது 0.96 எம்ஓஏ. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எத்தனை குண்டு? அதே துப்பாக்கி, அதே பெல்லட், 5 குண்டுக்குப் பதில் 10 சுட்டால் சராசரிக் குரூப் சுமார் 24% பெரிதாகும், 2.80 கிட்டத்தட்ட 3.5 ஆகிவிடும். 3 குண்டு குரூப்பைக் காட்டிப் பெருமை பேசுபவரை நம்பாதீர்கள். 5 குண்டு குரூப்கள்கூட ஒன்றுக்கொன்று கால் பங்கு ஏறி இறங்குவது சகஜம். இரண்டு டப்பா பெல்லட்டுகளை ஒப்பிட, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து குரூப்பாவது சுட்டுச் சராசரி பாருங்கள். துப்பாக்கியை கிளாம்ப்பில் பொருத்திச் சுட்டால்தான் அது பெல்லட் சோதனை. தோளில் வைத்துச் சுட்டால் உங்களையும் சேர்த்தே அளக்கிறீர்கள்.

குறை என்று சொன்னால், இந்த மாடல் நீர்புகாத வகையைச் சேர்ந்தது இல்லை. வியர்வைக் கையோடு தொட்டால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். SR44 பேட்டரி நீண்ட காலம் தாங்கும். மலிவான காலிப்பர்களில் பல, திரை அணைந்த பிறகும் மின்சாரம் இழுப்பதால் அடிக்கடி பேட்டரி தின்னும். ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளிலோ இணையத்திலோ மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், இந்த பிராண்டில் போலிகள் நிறைய உலவுகின்றன.

மின்னணு இலக்கில் மட்டும் சுடுபவர்கள் இதை வாங்க வேண்டாம். ஒவ்வொரு குண்டின் இடமும் அதில் எண்ணாகவே கிடைத்துவிடும். அந்த எண்களிலிருந்து குரூப் மையத்தையும், ஒவ்வொரு குண்டும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்ற சராசரியையும் கணக்கிடலாம். இரண்டே துளைகளை நம்பும் குரூப் அளவைவிட அந்தச் சராசரி நம்பகமானது.