கீபோர்டா, தம்புராவா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்கு, சுருதிக்கு எதை வாங்குவது என்று வரும் குழப்பம் இது.

பஞ்சமம் (‘ப’ சுரம்): தம்புராவில் ‘ப’வுக்கும் ‘ஸ’வுக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 3:2, அதாவது 702 சென்ட் (சென்ட் என்பது சுர இடைவெளியை அளக்கும் அலகு). கீபோர்டில் 700. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், விடுங்கள்.

அந்தர காந்தாரம் (‘க’ சுரத்தின் ஒரு வகை): சிக்கல் இங்கேதான். 5:4 விகிதத்தில் 386 சென்ட், கீபோர்டில் 400. தம்புராவின் சட்ஜத் (‘ஸ’) தந்தியை மீட்டினால் அந்த 386 தானாகவே மெல்லக் கேட்கும். கூடவே கீபோர்டின் காந்தாரத்தை அழுத்திப் பாருங்கள், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

சுருதி மாற்ற: கீபோர்டில் ஒரு பொத்தான். தம்புராவில் பிருடையோடு (தந்தியை முறுக்கும் ஆணி) மல்லுக்கட்ட வேண்டும்.

சினிமாப் பாட்டுக்கும் மேடைக் குழுவுக்கும் கீபோர்டு சரி. கர்நாடக சங்கீதம் என்றால் தம்புராதான். அடுக்குமாடி வீட்டில் இடமில்லையா, மின் தம்புரா வாங்குங்கள்.