குற்றவியல் நீதிப் பட்டப்படிப்பு: உள்ளே என்ன இருக்கிறது?

போலீஸ் வேலைக்கு இதுதான் நேர்வழி என்று நம்பிச் சேருகிறவர்கள்தான் இந்தப் படிப்பில் முதலில் ஏமாறுகிறார்கள். காவல்துறைக்குத் தேர்வு, உடல்தகுதி, பின்னணி விசாரணை எல்லாம் தனி. வேறு பட்டம் வைத்திருப்பவரும் அதே வரிசையில்தான் நிற்பார். வழக்காடச் சட்டப் பட்டம் வேண்டும். தடயவியல் ஆய்வகத்துக்கு வேதியியல், உயிரியல் மாதிரி அறிவியல் பட்டம் கேட்பார்கள். இங்கே வரும் தடயவியல் தாள் வெறும் அறிமுகம்தான். நன்னடத்தை அலுவலர், சிறை நிர்வாகம், பாதிக்கப்பட்டோர் உதவி, குற்றத் தரவுப் பகுப்பாய்வு, காப்பீட்டு மோசடி விசாரணை ஆகிய பக்கங்களில்தான் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு.

பாடத்திட்டத்தில் சிறந்த பகுதி, மாணவர்கள் பயந்து ஓடும் ஆய்வு முறையும் புள்ளியியலும். 80,000 பேர் வாழும் ஊரில் 240 திருட்டு, 3 லட்சம் பேர் வாழும் ஊரில் 600 திருட்டு என்றால் எது மோசம்? லட்சம் பேருக்குக் கணக்கிட்டால் முதல் ஊரில் 300, இரண்டாவதில் 200. அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: இது நடந்த திருட்டா, பதிவான திருட்டா? புகார் கொடுப்பது எளிதானாலே எண்ணிக்கை ஏறும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத பட்டதாரி, பகுப்பாய்வு வேலைக்கு உதவமாட்டார்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972–73-இல் நடந்த போலீஸ் ரோந்துச் சோதனையை வகுப்பில் எப்படிப் பாடமாக நடத்துகிறார்கள் என்று பாருங்கள். 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஐந்தில் வழக்கமான ரோந்தை நிறுத்தி அழைப்பு வந்தால் மட்டும் போனார்கள். ஐந்தில் பழையபடியே விட்டார்கள். ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள். குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. முடிவை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லும் துறையைவிட, அந்த ஆய்வின் ஓட்டைகளையும் கேட்கும் துறை நூறு மடங்கு மேல்.

சாட்சியப் பொருள் பயிற்சியில் தவறுகள் ஒரே மாதிரி வரும். ரத்தக் கறை படிந்த ஈரத்துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிடுவார்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ சிதையும். உலர்த்திக் காகித உறையில் வைத்து, முத்திரையிட்டு, யார், எங்கே, எப்போது எடுத்தது என்று எழுத வேண்டும். ஒவ்வொரு கைமாறலுக்கும் கையெழுத்து, நேரம். நடுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கை வைப்பார்.

அறிக்கை எழுத வைக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். "அவர் பதற்றமாக இருந்தார்" என்பது அறிக்கை அல்ல, அபிப்பிராயம். "கைகள் நடுங்கின, முகவரி கேட்டபோது இரண்டு வேறு பதில் சொன்னார்" என்பதுதான் அறிக்கை. வாரம் ஒன்று எழுதித் திருத்தி வாங்காமல் இது கைக்கு வராது. பருவத்துக்கு ஒரே கட்டுரை என்றால் அந்தக் கல்லூரிக்கு இந்த விஷயத்தில் பாதி மதிப்பெண்தான்.

கோட்பாட்டுத் தாள்கள் சுமார். பெயர், ஆண்டு ஒப்பிப்போடு முடிந்துவிடும் ஆபத்து உண்டு. முழுக்க இணையவழிப் படிப்பில் கோட்பாடு குறையாது, களப்பயிற்சிதான் அடிபடும்.

களப்பயிற்சிக்கு "ஏற்பாடு செய்வோம்" என்ற வாக்குறுதி போதாது. எத்தனை மணி நேரம், எந்த அலுவலகம், மாணவர் கையில் என்ன வேலை, மதிப்பிடுபவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். கோப்பு அடுக்கியே மாதம் போகும் இடங்களும் உண்டு. சிறை, நீதிமன்றம் போன்ற இடங்களில் பின்னணிச் சரிபார்ப்பு முடியாமல் உள்ளே விடமாட்டார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் விண்ணப்பம் முந்தைய பருவத்திலேயே போயிருக்க வேண்டும். கடைசிப் பருவம் தொடங்கியபின் படிவம் கொடுக்கும் துறையில் பயிற்சி மணிநேரம் நிரம்பாமல் பட்டம் தள்ளிப்போகும்.