"நிஜ ஒலிப்பதிவுடன்" என்று போட்டிருந்ததை நம்பிக் காசைக் கட்டிவிட்டேன்

போன சனிக்கிழமை ராத்திரி ஜிம் ஜோன்ஸ் பற்றிய ஒரு படத்தை 149 ரூபாய் வாடகை கட்டிப் பார்த்தேன். போஸ்டரில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முகம், அதன் கீழே "முழுக்க உண்மைச் சம்பவம், நிஜ ஒலிப்பதிவுடன்" என்ற வரி. அந்த வரிக்காகத்தான் காசு கொடுத்தேன், அதுவே பொய்.

ஜோன்ஸ்டவுன் என்றால் தெரியாதவர்களுக்கு: கலிஃபோர்னியாவில் ஆள் சேர்த்த பீப்பிள்ஸ் டெம்பிள் என்ற சபையை அதன் தலைவன் ஜோன்ஸ் தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குள் கொண்டுபோய் அமைத்த ஊர்தான் அது. அங்கே நடப்பதை விசாரிக்கப் போன அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனையும் இன்னும் நான்கு பேரையும் 1978 நவம்பர் 18 அன்று விமான ஓடுதளத்தில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அன்று மாலையே ஊருக்குள் 900 பேருக்கு மேல் சயனைடால் செத்தார்கள், அதில் 300 பேருக்கு மேல் சிறு பிள்ளைகள்.

அந்தக் கடைசி நேரம் சுமார் 44 நிமிட ஒலிநாடாவாக இருக்கிறது. நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து, குழந்தைகள் வாழ வேண்டாமா, ரஷ்யாவுக்குப் போக வழியில்லையா என்று ஜோன்ஸிடமே வாதாடுகிறார், கூட்டம் கத்தி அவரை அடக்குகிறது. அவரைப் படத்தில் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். அவர் படத்திலேயே இல்லை! "நிஜ ஒலிப்பதிவு" என்று வருவது யாரோ ஒரு நடிகர் பேசி, மேலே கரகரப்பு சேர்த்த மூன்று நிமிடம். நாடகமாக்கப்பட்டது என்று கடைசியில் பொடி எழுத்தில் ஓடுகிறது.

காசில்லாமல் படம் எடுப்பது குற்றமில்லை. ஆனால் கயானா காடு என்று பைன் மரங்களைக் காட்டுகிறார்கள், ஸ்வெட்டர் போட்டவர்கள் பேசும்போது வாயிலிருந்து பனிப்புகை வருகிறது. சரி, அதைக்கூட விட்டுவிடலாம். செத்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள், படத்தில் இருக்கும் இருபது பேரில் ஒருவர்கூடக் கறுப்பர் இல்லை. அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, எல்லோரும் கைகோத்துச் சிரித்தபடி கண்ணாடிக் கோப்பையில் குடிக்கிறார்கள். நடந்தது என்ன? முதலில் பிள்ளைகளின் வாயில் ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சினார்கள், சுற்றிலும் துப்பாக்கியோடு காவல் நின்றது. அந்தக் குழந்தைகள் எதற்குச் சம்மதித்தார்கள்? படத்தில் ஒரு குழந்தைகூட இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுதினேன். பார்க்கத் தொடங்கிவிட்டால் பணம் திரும்ப வராது என்று இரண்டு முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில். விளம்பரத்தில் பொய் சொல்லியிருக்கிறீர்களே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

உண்மையான ஒலிநாடா இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் பின்னணியில் பிள்ளைகள் அழுவது கேட்கும், மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள். இந்தப் படத்துக்கு டிரெய்லர் இருக்கிறது, காசு கட்டுவதற்கு முன் அதை ஒரு தடவை ஓடவிடுங்கள். பைன் மரமும் பனிப்புகையும் வந்தால் இதேதான், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.