லிட்டில் லீக் உலகத் தொடர்: சிறுவர்களின் அளவுக்கு அமைந்த ஆட்டம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சவுத் வில்லியம்ஸ்போர்ட் ஊரில், ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடைபெறும் லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடரை நேரில் பார்க்கக் கட்டணம் ஏதும் கிடையாது. 1947இல் தொடங்கிய இப்போட்டியில், 10 முதல் 12 வயது வரையிலான சிறுவர் சிறுமியர் ஆடுகிறார்கள். 2022 முதல் அமெரிக்காவிலிருந்து 10 அணிகள், பிற நாடுகளிலிருந்து 10 அணிகள் என மொத்தம் 20 அணிகள் இடம்பெறுகின்றன.

போட்டியின் முதன்மை மைதானமான லமேட் அரங்கில் என் கண்ணில் முதலில் பட்டது அளவுகளில் காட்டப்பட்டிருக்கும் அக்கறைதான். பெரியவர்களின் ஆட்டத்தில் 90 அடியாக இருக்கும், ஓடுபவர் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையிலான தூரம் இங்கே 60 அடி. பந்து வீசும் தூரம் 46 அடி. எல்லைச் சுவர் 225 அடியில் நிற்கிறது. ஆடுகளம் சிறியது என்பதால் ஆட்டம் எளிதாகிவிடுவதில்லை. மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் பந்தைக் கணிக்க, இந்தத் தூரத்தில் நிற்கும் சிறுவனுக்குக் கிடைக்கும் நேரம், பெரியவர்களின் களத்தில் 92 மைல் வேகப் பந்தை எதிர்கொள்பவருக்குக் கிடைக்கும் நேரத்துக்குச் சமம்.

ஆறு இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, பந்து வீசும் 11, 12 வயதுப் பிட்ச்சர் ஒருவர் ஒரே நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது என்ற விதி. அந்த எண்ணிக்கையை எட்டும்போது எதிரே நிற்கும் பேட்டரின் முறை முடியும் வரை மட்டும் தொடரலாம். 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசியவர் நான்கு நாள் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். நான் பார்த்த ஓர் ஆட்டத்தில், நன்றாக வீசிக்கொண்டிருந்த சிறுவனிடம் பயிற்சியாளர் நடந்து சென்று கையை நீட்டினார். பந்தைக் கொடுக்க மனமில்லாமல் அதன் தையலை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, அவன் கொடுத்தான். அடுத்து வந்தவன் ஓட்டங்களை விட்டுக்கொடுத்தான், அணி தோற்றது. ஆனாலும் வளரும் முழங்கையைவிட வெற்றி பெரிதில்லை என்று எழுத்தில் வைத்து, அதை இறுதிப்போட்டி வரை தளர்த்தாமல் கடைப்பிடிக்கும் இந்த விதிக்காகவே இப்போட்டியை நான் மனதார மதிக்கிறேன்.

போட்டி அமைப்பு குறித்து எனக்குக் குறை உண்டு. அமெரிக்க அணிகள் ஒரு பிரிவிலும் மற்ற நாடுகள் இன்னொரு பிரிவிலும் ஆடுவதால், இறுதிப்போட்டியில் அமெரிக்காவுக்கு ஓர் இடம் எப்போதும் உறுதி. 2010 முதல் 2017 வரை ஐந்து முறை பட்டம் வென்ற ஜப்பானும், தைவானும், கரீபியன் தீவான குராசாவோவும் இறுதிக்கு முன்பே ஒன்றையொன்று வெளியேற்ற வேண்டியிருக்கிறது. 2025இல் அமெரிக்காவின் நெவாடா மாநில அணியை 7-0 என வீழ்த்தி, 1996க்குப் பிறகு முதன்முறையாகவும் மொத்தத்தில் 18ஆவது முறையாகவும் கோப்பையை எடுத்த தைவானுக்கும் அதே பாதைதான்.

தொலைக்காட்சி பற்றியும் சொல்ல வேண்டும். களத்தைச் சிறுவர்களின் அளவுக்கு அமைத்தவர்கள், ஒளிபரப்பையும் அந்த அளவுக்கு வைத்திருக்கலாம். பந்தைத் தவறவிட்ட 12 வயதுப் பிள்ளையின் கண்ணீரை நெருங்கிக் காட்டி, அதையே மீண்டும் மீண்டும் ஓட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நேரில் பார்ப்பவருக்கு அந்த முகம் தூரத்தில்தான் இருக்கிறது. சக வீரர்கள் வந்து சூழ்ந்துகொண்டதும் அதுவும் மறைந்துவிடுகிறது.

ஆகவே, வாய்ப்புள்ளவர்கள் நேரிலேயே செல்லுங்கள். இருக்கைகளைவிட, எல்லைச் சுவருக்கு அப்பால் உள்ள புல்மேட்டையே நான் பரிந்துரைப்பேன். அங்கிருந்து முழுக் களமும் தெரிகிறது. பார்க்க வந்த குழந்தைகள் அட்டைப் பலகைகளில் உட்கார்ந்து அந்தச் சரிவில் சறுக்குகிறார்கள். நான் சென்ற அன்று, சற்றுமுன் தோற்ற அணியின் சீருடை அணிந்த இருவர் ஒரே அட்டையில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, அடிவாரம் வரை கத்திக்கொண்டே இறங்கினார்கள்.