மாடிக் கடையின் இசைத்தட்டு அடுக்குகள்: பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், அச்சகத்துக்கு மேல்மாடியில் நடக்கும் பழைய இசைத்தட்டுக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வாடிக்கையாளர்கள் அதை ‘மாடிக் கடை’ என்று மட்டும் சொல்கிறார்கள். கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் பழைய இசைத்தட்டு விற்பவர்கள் பலர் இருக்க, இந்தக் கடையைப் பற்றித் தனியாக எழுதக் காரணம் அங்குள்ள சரக்கைவிட அந்தச் சரக்கு அடுக்கப்பட்டிருக்கும் முறைதான். மற்ற கடைகளில் ராக், ஜாஸ், மலாய், தமிழ், பக்தி என்று பெட்டிக்குப் பெட்டி சீட்டு ஒட்டியிருப்பார்கள். மாடிக் கடைக்காரர் வகை பிரிப்பதே இல்லை. பாடகர் அல்லது குழுவின் பெயர் ஏ முதல் இசட் வரை ஓடுகிறது. ஒவ்வொரு பெயருக்குள்ளும் தட்டுகள் வெளிவந்த ஆண்டு வரிசையில் நிற்கின்றன. பெயருக்கு ஓர் அட்டை செருகி, அந்தக் கலைஞர் எந்த ஆண்டில் எந்த நிறுவனத்துக்குப் பதிவு செய்யத் தொடங்கினார், எப்போது நிறுவனம் மாறினார் என்பதைக் கடைக்காரரே பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். தட்டு வாங்காமல் அட்டைகளை மட்டும் படித்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அதற்கு அவர் முகம் சுளிப்பதில்லை.

இந்த வரிசையின் பயனை ரே சார்ல்ஸ் அடுக்கில் தெளிவாகக் காணலாம். வகை பிரிக்கும் கடையில் இவருடைய தட்டுகள் குறைந்தது மூன்று பெட்டிகளில் சிதறிக் கிடக்கும். இங்கே அட்லாண்டிக் நிறுவனத்துக்காக ஐம்பதுகளில் பாடிய ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளை அடுத்து, ஏபிசி பாரமவுன்ட்டுக்கு மாறிய பின் 1962இல் அவர் வெளியிட்ட ‘மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்’ நிற்கிறது. தேவாலயப் பாட்டின் சாயலோடு புளூஸ் பாடிய கறுப்பினக் கலைஞர் ஒருவர், வெள்ளையர்களின் கிராமிய இசை என்று ஒதுக்கப்பட்டிருந்த பாடல்களை எடுத்து வயலின் கூட்டத்தோடு பாடியது அக்காலத்தில் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. முந்தைய தட்டையும் இதையும் கடையில் உள்ள சுழல்மேடையில் அடுத்தடுத்துக் கேட்பது வேறு. பின்னணி முழுவதும் மாறுகிறது. குரல் மாறவே இல்லை.

அதே வாய்ப்பை லின்டா ரான்ஸ்டாட்டின் அடுக்கும் தருகிறது. 1974இல் ‘ஹார்ட் லைக் எ வீல்’ மூலம் கன்ட்ரி ராக் பாடகியாக முன்னணிக்கு வந்தவர், 1983இல் நெல்சன் ரிடிலின் வாத்தியக் குழுவோடு பழைய அமெரிக்கப் பாடல்களைப் பாடினார். 1987இல் தம் தந்தைவழி மெக்சிகோ மரபின் பாடல்களை ஸ்பானிய மொழியில் பதிவு செய்தார். மூன்றும் ஒரே கைப்பிடியில் வருகின்றன. ஜானி கேஷ் அடுக்கில் இடைவெளிதான் பேசுகிறது. 1955இல் சன் நிறுவனத்தில் தொடங்கி, 1968இன் ஃபோல்சம் சிறைக் கச்சேரித் தட்டைத் தாண்டி, எண்பதுகளில் கொலம்பியா அவரைக் கைவிட்டதைக் குறிக்கும் அட்டைக்குப் பிறகு, ரிக் ரூபின் தயாரிப்பில் குரலும் கிட்டாரும் மட்டுமாக வந்த 1994ஆம் ஆண்டுப் பதிவு நிற்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர் ஒருவர் ராக், ஹிப் ஹாப் தயாரிப்பாளரோடு சேர்ந்து இளையோரிடம் மீண்டும் சென்று சேர்ந்தது அந்த அட்டையின் இரு வரிகளில் அடங்கிவிடுகிறது.

எனினும் இந்த ஊர்க்காரர்கள் இந்தக் கடைக்குப் போக வேண்டிய காரணம் அமெரிக்கத் தட்டுகளில் இல்லை. பி. ரம்லியின் அடுக்கு மிக அருமையானது. பினாங்கில் 1929இல் பிறந்து, 1948இல் சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்று, பின்னணிப் பாடகராகத் தொடங்கி நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் என வளர்ந்து, 1964இல் கோலாலம்பூருக்கு வந்து, 1973இல் 44 வயதில் மறைந்தவர் அவர். அவருடைய ஆரம்பப் பாடல்கள் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் மட்டுமே கொள்ளும், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகளில் உள்ளன. ஒரு பாடல் ஏன் இரண்டு சரணத்தோடு நின்றுவிடுகிறது என்பதற்குப் பல நேரங்களில் தட்டின் கொள்ளளவே காரணம் என்பதைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது உணரலாம். அறுபதுகளில் அவர் பாடல்கள் நான்கு நான்காகச் சிறு 45 சுற்றுத் தட்டுகளுக்கு வருகின்றன. அடுக்கின் கடைசியில் ‘ஷீலா மஜித், 1990 பார்க்க’ என்று ஓர் அட்டை. அதன்படி எஸ் வரிசைக்குப் போனால், ரம்லியின் பாடல்களைப் புதிய வாத்திய அமைப்போடு ஷீலா மஜித் பாடிய ‘லெகெண்டா’ தொகுப்பு இருக்கிறது. அதற்கு முன்னால் 1986இல் வந்த ‘எமோசி’ நிற்பதால், ஜாஸ், ஆர் அண்ட் பி சாயலில் பாடி, இந்தோனேசியாவிலும் ஜப்பானிலும் பெயர் பெற்ற பாடகி ஏன் பழைய பாடல்களுக்குத் திரும்பினார் என்ற கேள்வியும் தானாக எழுகிறது. ரம்லியின் மெட்டுகளிலேயே ஜாஸும் லத்தீன் தாளங்களும் கலந்திருந்தன. ஷீலா வெகுதூரம் திரும்ப வேண்டியிருக்கவில்லை என்பது என் எண்ணம்.

அல்லிகேட்ஸ் குழுவின் அடுக்கைத் தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாது. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் முன்னின்ற குழு அது. மேடைகளில் ஆங்கிலப் பாடல்களைப் பாடி, எழுபதுகளில் ஹாங்காங் வரை சென்று நிகழ்ச்சி நடத்தியவர்கள், நாடு திரும்பி மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகே வீட்டுக்கு வீடு அறிந்த பெயரானார்கள். எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்களின் மெட்டுகளை அவர்கள் பாடினார்கள். தமிழர் இருவர் மலாய்ப் பாப் இசையின் முகங்களாகப் பல பத்தாண்டுகள் நிலைத்ததையும், 2007இல் லோகநாதன் மறைந்த பின்னும் டேவிட் மேடையேறியதையும் நம் வீடுகளில் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அவர்களின் தட்டுகளைச் சேர்த்து வைத்த தமிழ் வீடுகள் குறைவு. கடையில் உள்ள பிரதிகள் பெரும்பாலும் மலாய்க் குடும்பங்களிடமிருந்து வந்தவை என்று கடைக்காரர் சொன்னார்.

அறுபதுகளின் மலாய்க் கித்தார் குழுக்களின் ‘பாப் யே யே’ காலத்துச் சிறு தட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. அவற்றில் பல பெயர்களுக்கு ஓரிரு தட்டுகளோடு வரிசை முடிந்துவிடுவதால் அட்டைகளில் எழுதவும் அதிகமில்லை. மலாய்ப் பாடகர் சுடிர்மானின் வரிசையும் நீளமானதன்று. 1976இல் வானொலி தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்று, சட்டம் படித்து, 1986இல் சௌகிட் சாலையிலேயே மேடை போட்டுப் பெருங்கூட்டத்தைக் கூட்டி, 1989இல் லண்டனில் ஆசியப் பாடகருக்கான விருது பெற்று, 1992இல் 37 வயதில் மறைந்துவிட்டார்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதன்மையான குறை தமிழ்த் தட்டுகள் இருக்கும் சுவரில் உள்ளது. திரைப்படத் தட்டுகள் அனைத்தையும் இசையமைப்பாளர் பெயரின் கீழ் வைத்திருக்கிறார். இதனால் இசையமைப்பாளர்களின் பயணம் அழகாகப் புலப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விஸ்வநாதன் ராமமூர்த்தி இரட்டையரின் அடுக்கு 1965இல் முடிந்து, அதற்குப் பிறகு இருவருக்கும் தனித்தனி அடுக்குகள் தொடங்குகின்றன. இளையராஜாவின் அடுக்கு 1976ஆம் ஆண்டின் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி, எக்கோ நிறுவனத் தட்டுகளாக நீண்டு, இடையே 1986இன் ‘ஹவ் டு நேம் இட்’, 1988இன் ‘நத்திங் பட் விண்ட்’ என்ற திரைசாராத் தொகுப்புகளையும் அவற்றின் உரிய இடத்தில் காட்டுகிறது. படத்துக்குப் படம் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அவர் அவற்றையும் செய்தார் என்பதை இந்த வரிசை சொல்கிறது.

ஆனால் பாடியவர்கள் எங்கே? எல். ஆர். ஈஸ்வரியை எடுத்துக்கொள்வோம். 1961இல் ‘பாசமலர்’ படத்தில் அவர் பாடிய திருமணப் பாட்டு இரட்டையர் அடுக்கில் இருக்கிறது. 1968இல் ‘பணமா பாசமா’வில் பாடிய இலந்தைப்பழப் பாட்டு கே. வி. மகாதேவன் அடுக்கில் இருக்கிறது. அவர் பெயருக்கென்று உள்ள இடத்தில் அம்மன் பாடல் தட்டுகள் மட்டும் நிற்கின்றன. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்கும் அந்தக் குரல்தான் திரையில் குறும்பும் கிறக்கமும் நிறைந்த பாடல்களைப் பாடிய குரல் என்பதும், ஒருவரே இந்த இரண்டு உலகங்களிலும் ஈடில்லாமல் நின்றார் என்பதும் அவருடைய இசைவாழ்வின் சாரம். ரே சார்ல்ஸுக்குக் கிடைத்த நியாயம் ஈஸ்வரிக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அடுக்கை மட்டும் பார்க்கும் இளைஞர் ஒருவர் அவரை வாழ்நாள் முழுவதும் பக்திப் பாடகியாக இருந்தவர் என்றே எண்ணுவார். டி. எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்களுக்கும், கர்நாடக இசையில் முறையாகப் பயின்று திரையிலும் பக்தியிலும் ஒருசேர விளங்கிய சீர்காழி கோவிந்தராஜனின் தட்டுகளுக்கும் இதே கதி.

இதைச் சொன்னபோது கடைக்காரர் கோபப்படவில்லை. “படத்தட்டு வாங்க வர்றவங்க ராஜா இருக்கா, விஸ்வநாதன் இருக்கான்னுதான் கேக்குறாங்க தம்பி. ஈஸ்வரி இருக்கான்னு கேட்டு யாரும் படியேறினதில்ல” என்றார். வியாபாரி என்ற முறையில் அவர் சொல்வது சரிதான். ஒரு படத்தின் தட்டில் ஐந்தாறு பேர் பாடியிருந்தால் அதை ஐந்து இடத்தில் வைக்கவும் முடியாது. ஆனால் ரம்லி அடுக்கில் ஷீலா மஜித்துக்கு வழிகாட்டும் அட்டை எழுதத் தெரிந்தவருக்கு, ஈஸ்வரி அடுக்கில் மகாதேவனுக்கு வழிகாட்டும் அட்டை எழுதுவது கடினமான காரியமன்று. “எழுதலாம் ஐயா, உங்கள் கையெழுத்துத்தான் நன்றாக இருக்கிறதே” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எம். நாசிரின் நிலையும் இதுதான்: 1981இல் தொடங்கிய கெம்பாரா குழுவின் தட்டுகள் கே வரிசையிலும், தனிப் பாடகராக வெளியிட்டவை எம் வரிசையிலும் உள்ளன, மற்றவர்களுக்காக அவர் அமைத்த மெட்டுகளுக்கு அட்டையே இல்லை.

சிடி எனப்படும் குறுந்தட்டுகளுக்குக் கடையில் ஒரு மூலைதான் ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கே வரிசையும் சற்றுக் குலைந்திருக்கிறது. ஆனாலும் 1998இல் பல மொழிகளில் ராப் பாடி வந்த பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் தொகுப்பையும், அக்குழுவின் யோகி பி பின்னர் நட்சத்திராவோடு சேர்ந்து 2006இல் தமிழில் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பையும் அங்கே ஒருசேரக் கண்டேன். அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் அவர் குரல் ஒலித்தது. தமிழ்நாட்டுத் திரைப்பாட்டைக் கேட்டு வளர்ந்த மலேசியப் பிள்ளைகள் அதே திரைக்குத் தங்கள் ராப்பைக் கொண்டுசேர்த்த இந்தப் பயணத்துக்கு ஓர் அட்டையாவது எழுதப்பட வேண்டும். கடைக்காரருக்கு ராப் பிடிக்காது என்பது அந்த மூலையைப் பார்த்தாலே தெரிகிறது.

வாங்க விரும்புவோருக்குச் சில தகவல்கள். விலை பென்சிலால் உறையின் உள்பக்கம் எழுதப்பட்டிருக்கும். மலாய்ச் சிறு தட்டுகளின் விலை நியாயமாகத் தோன்றியது. ரம்லியின் அரக்குத் தட்டுகளும் இளையராஜாவின் எக்கோ தட்டுகளும் விலை கூடுதல், பேரம் படியாது. தட்டின் நிலையைக் கடைக்காரர் நேர்மையாகச் சொல்கிறார். கீறல் இருக்கும் இடத்தைத் தாமே போட்டுக் காட்டுகிறார். கேட்டுப் பார்க்க வைத்திருக்கும் சுழல்மேடையில் 33, 45 சுற்றுத் தட்டுகள் ஓடும்; 78க்கு வேறு ஊசி தேவை என்பதால், அவற்றைக் கேட்காமலேயே வாங்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு விலை கொடுக்கும் பொருளுக்கு இது பெரிய குறைதான். குளிர்சாதனம் இல்லை, மின்விசிறிகள் மட்டுமே. பிற்பகல் வெயிலில் அரக்குத் தட்டுகளை ஜன்னலோரம் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே அச்சகத்தில் சொன்னால், கேட்ட தட்டைக் கடைக்காரர் இறங்கி வந்து காட்டுகிறார். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது என்பதால் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வருவது எளிது. ரொக்கமும் கியூஆர் வழியும் ஏற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. மற்ற நாள்களில் மதிய உணவு நேரத்துக்குப் பிறகு சென்றால் கடைக்காரர் ஓய்வாக இருப்பார், அட்டையில் எழுதாததையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.